காற்றைக் கேட்டுத்தான் பந்தல் போட்டோம்!

"தீவுல, கடலோரமா, எழுபது பேரோட கல்யாணம்மா. கிராமத்துக் கல்யாணம் மாதிரி ரொம்ப எளிமையா இருக்கணும்."

என் மூத்த பெண் இப்படிச் சொன்னபோது நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பு கையிலேயே நின்றுவிட்டது. அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவே வந்தது. அன்று இரவு எல்லோருக்கும் தீய்ந்த களிதான்.

எங்கள் ஓசூர்ப் பக்கத்துக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்கு என் திகைப்பு புரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் உறவு. அதற்கு மேல் தொழிற்சாலை சிநேகிதம். ஒரு ஷிப்டில் இருப்பவரை அழைத்து இன்னொரு ஷிப்டில் இருப்பவரை விட முடியுமா? பத்திரிகை 600க்குக் குறைந்து யாரும் அடிப்பதில்லை. போதாக்குறைக்கு எங்கள் வீட்டு மொய் நோட்டு! இருபத்தைந்து வருஷமாக எழுதியது. என் கணவரின் அண்ணன் அந்த நோட்டைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தார். "எழுபது பேருக்குச் சோறு போடறதுக்கா ஊர் ஊராப் போய் மொய் எழுதினோம்?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லையே!

மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் என்றாலே ஒரு மயக்கம். சம்பந்தி அம்மாள் ஐம்பது வயது வரை கடலையே பார்த்ததில்லையாம். "மா அப்பாயிக்கு சமுத்திரம் பக்கத்துல பெண்ட்லின்னா நாங்க நடந்தே வருவோம்" என்றுவிட்டார். ஆக, பிள்ளை வீடு சரி, பெண் சரி. சரியில்லாதது நாங்கள்தான்.

முதலில் அந்தமான் பேச்சு வந்தது. இவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். எழுபது பேருக்கு விமான டிக்கெட், போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியபின் மறுபடி கப்பல் ஏறி ஹேவ்லாக் தீவு (2018 முதல் ஸ்வராஜ் தீவு). காகிதம் தீர்வதற்கு முன்பே அந்தமான் தீர்ந்துவிட்டது. லட்சத்தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எழுபது பேருக்கும் வாங்குவது யார்? பெங்களூரில் ஒரு கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனியை விசாரித்தோம். பதினெட்டு லட்சம் என்றார்கள். அதில் 'கிராமிய அலங்காரம்' என்று மட்டும் இரண்டு லட்சம்! என்ன அலங்காரம் என்று படத்தைப் பார்த்தால் கீற்று, மண்பானை, ஓலை விசிறி. என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு அலங்காரமா? என் கல்யாணமே இப்படித்தான் நடந்துது. அப்ப இதை வறுமைன்னு சொன்னாங்க" என்றார்.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் உண்டு. அதில் ஒன்றில் செய்யலாமே என்று மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் கிளப்பிவிட்டார். அவையெல்லாம் 1986 முதல் கடல்வாழ் உயிரினங்களுக்கான தேசியப் பூங்கா. பவளப் பாறையும் கடல் பசுவும் வாழ்கிற இடத்தில் போய் மேளம் கொட்டுவதாவது! வனத்துறை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோதுதான், "ராமேஸ்வரமும் தீவுதானே!" என்றார் இவர். எங்களில் எத்தனை பேருக்கு அது சட்டென்று ஞாபகம் வருகிறது? பாலத்தில் பஸ்ஸில் போய்விடுகிறோம், தீவு என்பதே மறந்துவிடுகிறது.

ஆனால் அதைச் சொன்னதும் என் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோது சொன்னார்: "உன் மாமனாரைக் கரைச்ச தண்ணிம்மா அது. அந்தத் தண்ணிக்கு முன்னாடி என் பேத்திக்குத் தாலியா?"

என் மாமனாரின் அஸ்தியை 2011ல் அக்னி தீர்த்தத்தில் கரைத்தோம். அதற்குப் பிறகு அத்தை அந்த ஊர்ப்பெயரையே எடுத்ததில்லை. அவரை மீறி இதைச் செய்ய எனக்கும் மனமில்லை. பெண்ணிடம், "பாட்டி சரின்னாதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. நாள் பார்க்க வந்த எங்கள் புரோகிதர்தான் முடிச்சை அவிழ்த்தார். "ஆடி மாசம் ராமநாதசுவாமிக்கும் பர்வதவர்த்தினி அம்பாளுக்கும் அங்கே திருக்கல்யாணம் நடக்கிறதேம்மா! சுவாமிக்கே கல்யாணம் நடக்கிற ஊர், குழந்தைக்கு ஆகாதா? கல்யாணத்தில் நாந்தி என்று முதலில் பித்ருக்களைத்தானே கூப்பிடுகிறோம்?" என்றார். நாம் யாரும் கல்யாணம் செய்யாத ஆடியில் சுவாமி மட்டும் செய்துகொள்கிறார், பாருங்கள்!

அத்தை அப்போதும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போறதுன்னா முன்னாடியே ஒரு தரம் போகணும். அவருக்கு எள்ளும் தண்ணியும் விட்டுச் சொல்லிட்டு வரணும். அப்புறம்தான் பந்தக்கால்" என்றார்.

2025 ஜனவரி 29, தை அமாவாசை. இவர், அத்தை, நான் மூவரும் போனோம். அன்றைக்கு அங்கே இருந்த கூட்டத்தை எழுதி முடியாது. தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அறை கிடைக்காது, வண்டி நகராது. மாசியில் சிவராத்திரி உற்சவமும் அப்படியே. இவர் தர்ப்பணம் செய்து முடிக்கும் வரை அத்தை கரையிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லிக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை.

அதே பயணத்தில் இடமும் பார்த்தோம். கோயில் பக்கம், அக்னி தீர்த்தம் பக்கம் எல்லாம் யாத்ரீகர்கள் இடம். அங்கே பந்தல் போடுவது நடக்காத காரியம். பொதுக் கடற்கரையில் எங்கே செய்தாலும் உள்ளாட்சி, காவல்துறை என்று அனுமதிக்கு அலைய வேண்டும். அதனால் கடலை ஒட்டிய சொந்தத் தோப்பு ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தோம். ராமேஸ்வரத்துக்கு முன்னாலேயே தங்கச்சிமடம் வந்துவிடுகிறது. அங்கே வடகடல் ஓரத்தில் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே ஓர் ஓட்டு வீடு, கிணறு, எதிரே குளம் மாதிரி அசையாத கடல். அத்தை தோப்புக்குள் நாலடி நடந்தார், நின்றார், "இங்கே இருந்து அந்தக் கரை தெரியலை. இதுவே போதும்" என்றார். இடம் முடிவாகிவிட்டது.

தோப்புக்காரர் வயதான மீனவர். நாங்கள் தேதியைச் சொல்வதற்கு முன்பே, "எந்தக் காத்துல வைக்கப் போறீக?" என்று கேட்டார். எனக்குப் புரியவே இல்லை. ஓசூரில் மண்டபம் எந்த நாள் காலி என்று பார்த்துத்தான் முகூர்த்தமே வைப்போம். காற்றை யார் பார்த்தது? அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். (ஆர்ப்பாட்டம் இல்லாததைப் பெண் என்று வைத்தது யாரோ!) ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக் காற்றும் மழையும், அப்போது அந்தப் பெண் கடலே கொந்தளித்துவிடும். வைகாசிக் கடைசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. தெற்குக் கடல் பொங்கும், மணல் வாரி அடிக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனிதான் சாந்தமான காலம். "அதுலயும் விடிஞ்சு ஒம்பது மணி வரைக்கும் கடல் தூங்கும் தாயி. பத்துக்கு மேல எந்திரிச்சிரும். அதுக்குள்ள தாலியைக் கட்டிப்புடுங்க" என்றார்.

பஞ்சாங்கமும் அவருடைய காற்றும் ஒத்துப்போன நாள், மாசி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவராத்திரியும் அமாவாசையும் முடிந்து ஊர் சற்றே மூச்சு விடும் நேரம். முகூர்த்தம் காலை ஏழரை முதல் ஒன்பது.

பெண்ணுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. இரண்டையும் நான் மறுத்தேன். முதலாவது, சாயங்காலம் கடற்கரை முழுக்க மின்விளக்குச் சரம் கட்டி வரவேற்பு. மாசி, பங்குனிதான் அந்தக் கடற்கரைகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சுகள் இருட்டில் கடலின் மினுமினுப்பைப் பார்த்துத் தண்ணீருக்குப் போகுமாம். கரையில் விளக்கைக் கண்டால் திசை மாறி மேட்டுக்கு ஏறிச் செத்துப் போகும். இதைச் சொன்னதும் அவளே விட்டுவிட்டாள்.

இரண்டாவது, தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று மாலையும் கழுத்துமாகப் படம். இப்போது நிறைய ஜோடிகள் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே விழுங்கியது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அத்தை அப்போது சிறு பெண். பல நாள் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததாம். தண்ணீரும் வீடும் போன இடத்தில் பட்டுப்புடவையோடு சிரித்துக்கொண்டு நிற்பதாவது? "பார்த்துட்டு வாங்க, கும்பிட்டுட்டு வாங்க, படம் வேண்டாம்" என்றேன். 2017ல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டுவிட்டார்கள். ஆனாலும் இருட்டுவதற்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். இரவு தங்க அனுமதி கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாள் போய் வந்தார்கள். வழியில் கோதண்டராமர் கோயில், அந்தப் புயலிலும் நின்ற கோயில். அங்கே அர்ச்சனை செய்தார்கள்.

இனி ஏற்பாடுகளுக்கு வருகிறேன். கடலோரக் கல்யாணம் என்றதும் எல்லோரும் அலங்காரத்தைத்தான் யோசிக்கிறார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்: முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரும் கழிப்பறையும்!

எழுபது பேரில் பாதிக்கு மேல் பெண்கள். அதில் மூன்று பேர் கைக்குழந்தைக்காரிகள், நாலு பேர் அறுபது தாண்டியவர்கள். தோப்பு வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. ராமநாதபுரத்திலிருந்து நடமாடும் கழிப்பறை இரண்டு வரவழைத்தோம். ஓட்டு வீட்டின் ஓர் அறையைப் பால் கொடுக்கவும் குழந்தை தூங்கவும் என்று ஒதுக்கி, தூளி கட்டி, வாசலில் என் தங்கையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டேன். ஆண்கள் பைகளைக் கொண்டுவந்து போடுவதற்கு நாலு தரம் வந்தார்கள். நாலு தரமும் துரத்தினாள். கல்யாணத்தில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அந்த அறையைத்தான் சொல்வேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். தேதி குறிக்கும்போது பெண்ணின் மாதக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இப்போது சிலர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளிவைக்கிறார்கள். ரத்தம் உறையும் தொந்தரவு இருந்தவர்களுக்கு அதனால் ஆபத்து வரலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

சமையலுக்கு எங்கள் ஊர்ச் சமையல்காரரையே அழைத்துப் போயிருந்தோம். முதல் நாள் மத்தியானம் சாம்பாருக்குப் பருப்பு போட்டார். ஒரு மணி நேரமாயிற்று, ஒன்றரை மணி நேரமாயிற்று, பருப்பு பருப்பாகவே இருக்கிறது! "ஐயோ, பருப்பு பழசு" என்று கடைக்காரரைத் திட்டினார். பருப்பின் மேல் தப்பே இல்லை. தோப்புக் கிணற்று நீர் சற்று உப்பு. சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. சமையல்காரர் ஆப்பசோடா போடக் கிளம்பினார், நான் தடுத்தேன். சோடா போட்டால் வெந்துவிடும்தான். பருப்பில் உள்ள வைட்டமின் பி1 வீணாகிவிடும். அவசரமாக ஒரு வண்டி நல்ல தண்ணீர் வாங்கினோம். மறுநாள் பருப்பு பூப்போல் மலர்ந்தது. கடலோர ஊருக்குப் போகிறவர்கள் சமையல் தண்ணீரை முதல் நாளே ஒரு கை பருப்பு போட்டுச் சோதித்துவிடுங்கள்.

இதில் வேடிக்கை, அதே தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் என்று ஒன்று இருக்கிறது. கடலுக்குள்ளேயே கிணறு, அதில் நல்ல தண்ணீர்! சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். சம்பந்தி அம்மாள் கடல் நீரை ஒரு வாய், கிணற்று நீரை ஒரு வாய் என்று மாற்றி மாற்றி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கிளப்பிக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பந்தல் கீற்றுப் பந்தல்தான். தோரணம் பனை ஓலையில். தங்கச்சிமடத்துப் பெண்கள் நாலு பேர் ஒரு மத்தியானத்தில் ஓலைக்கிளியும் குருத்தோலைத் தோரணமுமாகப் பின்னித் தள்ளிவிட்டார்கள். இரண்டு லட்சம் கேட்ட அலங்காரம், கூலி, ஓலை, காபி எல்லாம் சேர்ந்து பதினோராயிரத்தில் முடிந்தது. நாற்காலியை மணலில் போடக் கூடாது, கால் புதைந்து பெரியவர்கள் சாய்ந்துவிடுவார்கள். தோப்பின் கெட்டித் தரையில்தான் போட்டோம். தென்னை மரத்தடியில் ஆட்களை உட்கார வைப்பதென்றால் முதல் நாளே மரம் ஏறுகிறவரை அழைத்து முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட வேண்டும். நிழலை மட்டும் நினைத்துக்கொண்டு தலையை மறந்துவிடக் கூடாது! ஓமத்தைக் கீற்றுக்கு அடியில் வைக்காமல் திறந்த வெளியில் வைத்து, பக்கத்தில் நாலு வாளி தண்ணீரும் மணலும் வைத்தோம்.

பயணம் ஏறக்குறைய 560 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, சேலம், கரூர், மதுரை வழி. பஸ், வேன் இரண்டும் வெள்ளி இரவு கிளம்பி சனிக்கிழமை காலையில் சேர்ந்தன. அப்போது ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். 1914ல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்த பிறகு, 2025 ஏப்ரல் 6ந் தேதிதான் புதிய பாலம் திறந்தது. இனி போகிறவர்கள் தீவுக்குள்ளேயே ரயிலில் இறங்கலாம். நாங்கள் போனது 1988ல் திறந்த சாலைப் பாலம். அதன் மேல் வண்டி ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. அதுவரை வாந்தி, தலைசுற்றல் என்று புலம்பிய கூட்டம் மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அவரவர் பெயர் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன்; பஸ்ஸின் கீழே போகிற பெட்டியில் போட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்ப்பது போல் பந்தலில் குத்துவிளக்கை ஏற்றினோம். பொசுக்கென்று அணைந்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அணைந்தது. சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஓசூரிலேயே "கரும காரியம் பண்ற ஊர்ல கல்யாணமா?" என்று முணுமுணுத்தவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். என் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அடிவயிற்றில் என்னவோ செய்தது, மறைப்பானேன்?

அத்தை எழுந்தார். நேராகச் சமையல் பக்கம் போய்ப் பெரிய பித்தளை அண்டாவை ஓர் ஆளைத் தூக்கிவரச் சொன்னார். அதைப் படுக்க வைத்து, உருளாமல் இருபுறமும் செங்கல் கொடுத்து, வாயைக் காற்றுக்கு மறுபக்கம் திருப்பினார். குத்துவிளக்கை ஓரம் வைத்துவிட்டு, காமாட்சி விளக்கை அண்டாவுக்குள் வைத்து ஏற்றினார். சுடர் அசையவில்லை! பித்தளையில் வெளிச்சம் பட்டு அண்டா முழுக்கத் தங்கமாக இருந்தது. "காத்து அடிச்சா விளக்கு அணையத்தான் செய்யும். அதுல என்ன சகுனம்? மறைப்பு வைக்கணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் முகூர்த்தம் அந்த அண்டா விளக்கின் முன்னால்தான். ஓம குண்டத்துக்கும் காற்று வரும் பக்கம் கீற்றுத் தட்டி வைத்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவே திரை பிடிக்க வேண்டும். இரண்டு தாய்மாமன்கள் பிடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு காற்று வந்து திரையைப் பாய் மரமாக்கிவிட்டது! மாமன்கள் இரண்டு பேரும் திரையோடு நாலடி நகர்ந்து போக, முகூர்த்தத்துக்கு முன்பே பெண்ணும் பிள்ளையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். புரோகிதர் உட்பட எல்லோரும் சிரித்தோம். சீரகமும் வெல்லமும் தலையில் வைத்து, எட்டு மணி சுமாருக்குத் தாலி கட்டியாயிற்று. அட்சதையில் பாதி எங்கள் மேலேயே திரும்பி வந்து விழுந்தது.

ஒன்று கவனித்தேன். கல்யாண மண்டபங்களில் அத்தை எப்போதும் கடைசி வரிசையில், தூண் பக்கமாகத்தான் உட்காருவார். மாமனார் போனது முதல் அப்படி. முன்னால் வாருங்கள் என்றால் வரமாட்டார். இங்கே தூணும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. அரை வட்டமாக ஒரே ஒரு வரிசைக்கு அப்புறம் கடல். தாலி கட்டும்போது பெண்ணுக்கு மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

பூ விஷயத்தில் எங்களுக்குக் கர்வபங்கம். சம்பந்தி வீட்டார் தோட்டத்து ரோஜாவைத் தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் ரோஜா அனுப்புகிற ஓசூர் அல்லவா! உப்புக் காற்றில் பத்து மணிக்கே இதழ் ஓரம் எல்லாம் பழுப்பேறிவிட்டது. தோப்புக்காரர் மனைவி ஒரு கூடை மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார். அது சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்கே பேர்போன ஊர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பல மாவட்டங்களில் பூக்கிற குண்டுமல்லி இங்கிருந்து போன பதியன்தானாம். பூ விற்கிற ஊருக்குப் பூ கட்டிக்கொண்டு போன கதை எங்களுடையது.

புடவையிலும் ஒரு யோசனை. கூறைப்புடவை மட்டும் பட்டு. முகூர்த்தம் முடிந்ததும் கழற்றி, நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிவிட்டோம். உப்பு ஈரத்தில் ஜரிகை கறுத்துவிடும். மற்றபடி எல்லாப் பெண்களுக்கும் பரமக்குடிக் கைத்தறி நூல் புடவைதான் எடுத்திருந்தோம். போகிற வழியில் இருக்கிற ஊர், வியர்வைக்கு இதம். நகையும் குறைவாகத்தான். மணலில் தோடு திருகாணி விழுந்தால் அது சமுத்திர ராஜனுக்குத்தான்.

சாப்பாட்டில் தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்து, தயிர் சாதத்துக்குப் பாலாகப் பிசைந்து கொஞ்சம் உறை ஊற்றினோம். அந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் புளித்துவிடும். மண்பானைத் தண்ணீர், நீர்மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கடற்காற்றில் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும். ஆனாலும் ஒரு சின்ன ஆபத்து வந்தது. கணுக்கால் தண்ணீரில் விளையாடிய ஏழு வயதுப் பையனைச் சொறிமீன் கொட்டிவிட்டது. அலறிவிட்டான். யாரோ நல்ல தண்ணீரை ஊற்றப் போனார்கள். தோப்புக்காரர் தடுத்துக் கடல் நீராலேயே கழுவினார். ஒட்டியிருந்த இழையைக் கையால் தொடாமல் குச்சியால் எடுத்தார். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தோம். அரை மணியில் அடங்கிவிட்டது. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

திங்கட்கிழமை அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துவிட்டோம். 90 நாளைக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 90 நாளும் விருந்திலேயே போய்விடும். வண்டி, அறை, சாப்பாடு, பந்தல் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆயிற்று. நகை, துணி இதில் சேரவில்லை.

பங்குனியில் ஓசூரில் ஒரு விருந்து வைத்தோம், 500 பேருக்கு. மொய்யும் எழுதினார்கள். தீவுக்கு வராத இவருடைய அண்ணன் அதற்கு வந்தார். முதல் பந்தியில் சாப்பிட்டார், மொய் எழுதினார், பெண்ணையும் பிள்ளையையும் ஆசீர்வதித்தார். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை இல்லை. என் கணவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுப் பக்கம் போகும் பழக்கம் நின்றுபோனதில் அவருக்கு வருத்தம்தான். பொங்கலுக்குள் நானே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அத்தை தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சிமடத்திலிருந்து ஆறு மல்லிகைப் பதியன் வாங்கிவந்தோம். எங்கள் ஓசூர்க் குளிரில் நாலு பட்டுப்போயிற்று. மிச்சம் இரண்டில் ஒன்று சம்பந்தி வீட்டில், ரோஜா பாத்திகளுக்கு ஓரமாக இருக்கிறது.